உட்காரும் வகுப்பு

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே நேர்முகத் தேர்வில் ஒரு தடவைகூடத் தோற்காத பட்டதாரி ஜெரோம் ஒருவன்தான். இதை அவனே அறிவித்தான். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில், சூசையப்பர் நகர் பஸ் நிறுத்தத்து மதகின் மேல் உட்கார்ந்து, கோயில் மணி அடித்து ஓயும்வரை காத்திருந்து, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அறிவித்தான். இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்தில் பாதி ஓடியும் அவன் எந்த நேர்முகத் தேர்வுக்கும் போனதில்லை என்ற விவரம் இந்தச் சாதனையைக் குறைப்பதாக அவனுக்குப் படவில்லை. கடைசிவரை அவுட் ஆகாமல் நின்றவனிடம் எத்தனை பந்து ஆடினாய் என்று யாராவது கேட்கிறார்களா என்பது அவன் வாதம். பி.ஏ. பொருளாதாரம் படித்தவன், வாதத்துக்குப் பஞ்சமில்லை.

அந்த வருஷம் ஊரே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. மாமல்லபுரம் பக்கத்து ரிசார்ட்டுகள் மேசை துடைக்க ஆள் கேட்டன. சிறுசேரிக் கண்ணாடிக் கட்டடங்கள் தரை துடைக்க ஆள் கேட்டன. ஜெரோமின் அம்மா செல்லம்மா அங்கேதான் ஏழாவது மாடியில் மாப்பும் வாளியுமாக இருந்தாள். சிங்கப்பெருமாள்கோயில் தாண்டிப் புதிதாக முளைத்த கம்பெனிகள் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கேட்டன. விடிந்தும் விடியாததுமாக வெள்ளை வேன்கள் வந்து நிற்கும். ஜெரோமோடு படித்தவர்கள் ஒவ்வொருவராக அதில் ஏறிக் காணாமல் போனார்கள். மதகில் இடம் தாராளமாகிக்கொண்டே வந்தது. ஜெரோம் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தான். பிறகு மடக்கினான். எழுந்து எதிர்க்கடைவரை போய்விட்டு, அங்கே ஒன்றும் இல்லையென்று திரும்பி வந்து, மறுபடி நீட்டினான்.

எதிர்க்கடை பாலாவுடையது. எஸ்.டி.டி. பூத்தாகத் தொடங்கி, அந்த வருஷம் செல்போன் ரீசார்ஜ் கடையாக மாறியிருந்தது.

"இன்னா மச்சான், பஸ்ஸுக்கு வெயிட் பண்றியா?" என்றான் பாலா.

"இல்ல."

"அப்போ எதுக்கு ரோட்டையே பாத்துகினு கீற?"

"ரோடு போட்டு ரெண்டு வருஷம் ஆவுது. எவனாச்சும் பாக்கணும் இல்ல?"

ஜெரோமின் இந்த வருத்தமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் தீர்ந்துவிடும். அன்றைக்கு அவனுக்குப் பார்க்க ஒரு காட்சி உண்டு.

ஞாயிறு பூசை முடிந்ததும் சூசையப்பர் கோயிலை ஒட்டிய பங்கு மண்டபத்தில் வேலைப் பயிற்சி வகுப்பு நடந்தது. நடத்தியவர் ஸ்ரீதேவி. கணவர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் என்ஜினியர், சொந்த ஊர் கோவில்பட்டி. டவுன்ஷிப்பில் சும்மா இருக்க முடியாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்து, இந்த நகரின் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார். கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் கை குலுக்கல், தன்னைப் பற்றி நாலு வரி சொல்வது எப்படி, இவ்வளவுதான் முதலில் பாடம். முதல் பேட்ச் படித்தது, கம்பெனிக்குப் போனது, மொத்தமாகத் திரும்பி வந்தது. ஒருவருக்கும் வேலை இல்லை. ஸ்ரீதேவி கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார். பிள்ளைகள் எல்லாம் கெட்டிதான், ஆனால் திமிர் அதிகம் என்றார்கள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறார்களாம்.

அடுத்த ஞாயிறு அவர் வகுப்பில் விசாரணை வைத்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெரோம் வெளியே நின்று கேட்டான்.

"ஏன் உக்காரல?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மாதான் மேடம்."

"உக்காரக் கூடாதுன்னு யாரும் சொன்னாங்களா?"

"இல்ல மேடம். உக்காருன்னுதான் சொன்னாங்க."

"கால் வலிக்கலயா?"

"வலிச்சிது மேடம்."

காரணம் தேடுவதை ஸ்ரீதேவி அத்தோடு விட்டுவிட்டார். சாமியார் அறையிலிருந்து கை வைத்த நாற்காலி ஒன்றை வரவழைத்து மண்டபத்தின் நடுவில் போட்டார். எதிரே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் அவர். ஒவ்வொருவராகக் கதவைத் தட்ட வேண்டும், வணக்கம் சொல்ல வேண்டும், உட்காருங்க என்றதும் உட்கார வேண்டும். முதுகு நாற்காலியில் பட வேண்டும். நன்றி சொல்லி அனுப்பும்வரை எழுந்திருக்கக் கூடாது.

கேட்க எளிதாக இருந்தது. ஒருவன் பஸ்ஸில் யாரோ துண்டு போட்டு வைத்த சீட்டில் குந்துவது போல விளிம்பில் குந்தினான். ஒரு பெண் செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தாள். இன்னொருவன் ஸ்ரீதேவி காகிதத்தைப் புரட்டும்போதெல்லாம் எழுந்து நின்றான். ஜெரோமின் தங்கை ஜாய்ஸ் உட்கார்ந்தாள். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் எழுந்து பதில் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"மறுபடி," என்றார் ஸ்ரீதேவி.

அன்று சாயங்காலம் மதகில் ஜெரோம் ஒரு பாடத்திட்டத்தை வெளியிட்டான்.

"டிப்ளமா இன் சிட்டிங். மூணு வருஷக் கோர்ஸ். மொத வருஷம் ஸ்டூலு. ரெண்டாவது வருஷம் பெஞ்சு, சாயறதுக்கு இருக்காது, பிராக்டிகல் ரொம்பக் கஷ்டம். மூணாவது வருஷந்தான் கை வெச்ச சேரு. அதுக்கு மேல படிக்கணும்னா எம்.பில்., சுத்தற சேரு."

பாலா கடைக்குள்ளிருந்து சிரித்தான். தண்ணீர்க் குடத்தோடு போன ஜாய்ஸ் நின்றாள்.

"அதுல உனுக்கு இன்னா நோவுது?"

"எனுக்கு இன்னா நோவுது? ஃபெயிலானவங்களுக்குத்தான் நோவும். ஏம்மா, உக்கார்றதுக்கு ஒரு வகுப்பா? நாளைக்கு மூச்சு வுட டியூஷன் வெப்பாங்க, போவியா? என்னப் பாரு, எனுக்கு இருவத்திமூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கீது."

"அதான் தெரியுதே," என்றாள் ஜாய்ஸ். "மதகுல உக்காந்தே டாக்டர் பட்டம் வாங்கிட்ட. வேலைதான் இன்னும் வந்து சேரல."

குடம் போய்விட்டது. ஜெரோம் சட்டைக் காலரைச் சரிசெய்தான். பெண்களுக்கு நகைச்சுவை உணர்வு குறைவு என்று பாலாவிடம் சொன்னான். பாலா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான், எதற்கென்று தெரியவில்லை.

அடுத்த மாதம் கம்பெனி இரண்டாவது பேட்ச்சை அழைத்தது. ஜாய்ஸ் போனாள், கதவைத் தட்டினாள், உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள். திரும்பி வரும்போது கழுத்தில் போட ஓர் அட்டையும் காலுக்கு நீலக் கான்வாஸ் ஷூவும் கிடைக்கும் என்று உறுதியாகியிருந்தது. மறுவாரமே விடியற்காலை வேன் அவள் பெயரைச் சொல்லி ஹாரன் அடித்தது. ஜெரோம் பாயில் புரண்டு படுத்தான். மறுபடி இந்தப் பக்கம் புரண்டான். வேன் போன பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. தூங்க முடியாத அளவுக்கு.

அந்த வாரமே அவன் அப்பா ஏசுபாதம் ஒரு சட்டையோடு வந்தார். முன்பு பண்ணையில் வேலை பார்த்தவர். பண்ணைக்காரர் நிலத்தை மனைக்கட்டுக்கு விற்றபின், கேளம்பாக்கத்தில் ஐ.டி. ஆட்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். சட்டை நீல நிறம், தோளில் பட்டை, பிளாஸ்டிக் உறை பிரிக்காதது.

"ஏஜென்சி ஞானதாஸ் குடுத்தாரு," என்றார். "இன்னோர் ஆளு வேணுமாம் நம்ம கேட்டுக்கு. ஒண்ணாந்தேதிலேர்ந்து நீ வந்துடு."

"நைனா, நானு டிகிரி."

"தெரியும். அதையும் சொன்னேன். பரவால்ல, எடுத்துக்கறேன்னாரு."

சட்டையை ஆணியில் மாட்டினார்கள். அது உறைக்குள்ளிருந்து ஜெரோமைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். ஒன்றாம் தேதி நெருங்க நெருங்க மதகிலும் இருப்புக் கொள்ளவில்லை. செங்கல்பட்டுப் பழைய பஸ் நிலையம்வரை போவான், வந்த பஸ்ஸிலேயே திரும்புவான். கண்டக்டருக்கு அவன் முகம் பழகிவிட்டது.

"எங்க வேல பாக்கற தம்பி?" என்று கேட்டார் ஒருநாள்.

"இந்த பஸ்லதான்," என்றான் ஜெரோம்.

ஜாய்ஸ்தான் வழி கொண்டுவந்தாள். கம்பெனிக்கு டிரெய்னி சூப்பர்வைசர் வேண்டும். ஏதாவது ஒரு டிகிரி போதும். சனிக்கிழமை செங்கல்பட்டு கல்யாண மண்டபம் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள். கிடைத்துவிட்டால் ஒன்றாம் தேதி வேனில் ஏறலாம். ஆணியிலிருக்கும் சட்டையை ஞானதாஸிடமே திருப்பிவிடலாம்.

"சனிக்கெழமைக்கு முன்ன மேடத்தாண்ட போயி ஒரு வாட்டி உக்காந்து காட்டிட்டு வா," என்றாள்.

"யாரு, நானா?"

"எங்க பேட்ச்ல யார்னா சும்மா போயி எடுத்தாங்களா? சொன்னாக் கேளு அண்ணா."

"உங்க பேட்ச்சுக்குப் பேச வராது, அதுனால உக்கார வெச்சுப் பழக்கறாங்க. எனுக்கு வாயி கீது. வாயி உள்ளவனுக்கு எதுக்கு சேரு?"

சனிக்கிழமை மண்டப வாசலில் முந்தின நாள் கல்யாணத்து வாழைமரங்கள் இன்னும் கட்டியிருந்தன. உள்ளே சாம்பார் வாசனை. மணமேடையில் மேசை போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: நடுவில் கண்ணாடி போட்ட ஒருவர், இந்தப் பக்கம் இளைஞர் ஒருவர், அந்தப் பக்கம் ஓர் அம்மாள். எதிரே ஒரு நாற்காலி. ஜெரோம் பாலாவின் இஸ்திரி போட்ட சட்டையில் படியேறினான். பயம் என்று எதுவும் இல்லை. நாலு நாளாக எந்தக் கேள்வி வந்தாலும் அதற்கு இரண்டு பதில் தயார் செய்திருந்தான், ஒன்று நல்லது, ஒன்று ரொம்ப நல்லது.

"உட்காருங்க ஜெரோம்," என்றார் கண்ணாடிக்காரர்.

"தேங்க் யூ சார்," என்றான் ஜெரோம், நின்றபடி.

"இந்தப் பக்கம் இத்தனை கம்பெனி ஏன் வருதுன்னு நினைக்கிறீங்க?"

"துறைமுகம் பக்கம் சார். ரோடு நல்லா இருக்கு. நிலம் இருக்கு. அதவிட முக்கியம், படிச்சுட்டு மதகு மேல உட்கார்ந்திருக்கிற ஆளுங்க இருக்காங்க சார்."

இளைஞர் சிரித்துவிட்டார். அம்மாள்கூடப் பேனாவைக் கீழே வைத்தார். ஜெரோமுக்கு உடம்பெல்லாம் காற்றடித்தது போல லேசாக இருந்தது.

"உட்கார்ந்து பேசலாமே," என்றார் கண்ணாடிக்காரர்.

"பரவாயில்ல சார்."

உட்காரக் கூடாது என்று அவன் நினைக்கவில்லை. இந்தக் கேள்வி முடியட்டும், பிறகு உட்காரலாம் என்றுதான் நினைத்தான். ஒவ்வொரு முறையும் உத்தரவு இடுப்புவரை போய்த் திரும்பி வந்தது. அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"லைன்ல நாலு பேருக்குள்ள தகராறுன்னு வைங்க. என்ன செய்வீங்க?"

"நாலு பேரையும் தனியா கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சுப் பேசுவேன் சார்."

"முதல்ல நீங்க உட்காருங்க."

"இருக்கட்டும் சார்."

கண்ணாடிக்காரர் ஏதோ எழுதினார். அந்த அம்மாள் குனிந்து நாற்காலியின் கால்களைப் பார்த்தார்.

"சேர்ல ஏதாவது பிரச்சினையா?"

ஜெரோமும் அப்போதுதான் அதைப் பார்த்தான். சிவப்பு வெல்வெட் மெத்தை, பொன் நிறக் கால்கள். நேற்று மாப்பிள்ளை உட்கார்ந்ததாக இருக்கும்.

"இல்ல மேடம். நல்ல சேர்."

வெளியே வந்தவுடன் அவன் ஒரே நடையாகப் பஸ் நிலையம்வரை நடந்தான். பாலாவிடம் மதகில் முழு விவரமும் சொன்னான். எந்தப் பதிலுக்கு யார் சிரித்தார்கள் என்பதுவரை சொன்னான். சாதனை இன்னும் அப்படியே இருப்பதாக அறிவித்தான்.

"அந்தக் காலி சேருகிட்ட அவுங்க எதுவும் கேக்கலையா?" என்றான் பாலா.

"போடாங்க," என்றான் ஜெரோம். அவனுக்கு ஏனோ அது சிரிப்பாக இல்லை.

புதன்கிழமை ஸ்ரீதேவி மதகோரம் ஸ்கூட்டியை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார்.

"ஜெரோம், கம்பெனியில விசாரிச்சேன். பதிலெல்லாம் பிரமாதமாம். இதுவரைக்கும் யாரும் அப்படிப் பேசலையாம்."

"அப்போ என்னிக்கு ஜாயின் பண்றது மேடம்?"

"வேற ஆள எடுத்துட்டாங்க."

ஒரு லாரி போனது. அது போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"எந்நேரமும் கிளம்பிருவார் போல இருக்கார், நிலைக்க மாட்டார்னு எழுதியிருக்காங்க. பஸ் பிடிக்கப் போற ஆள் மாதிரி நின்னீங்களாமே?"

"நானா?"

"சேர் இருந்துச்சா?"

"இருந்துது."

"உக்காரச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க மேடம். மூணு வாட்டி சொன்னாங்க."

"பெறகு?"

கேள்விக்கு இரண்டு பதில் வைத்திருப்பவன் ரோட்டைப் பார்த்தான், பாலாவின் கடையைப் பார்த்தான், ஸ்கூட்டியின் கண்ணாடியைப் பார்த்தான்.

"சும்மாதான் மேடம்," என்றான்.

ஸ்ரீதேவி தலையாட்டிவிட்டுக் கிளம்பிப் போனார். ஜெரோம் மதகில் உட்காரப் போனான். உட்காரவில்லை. வந்த பஸ்ஸில் ஏறிச் செங்கல்பட்டு போய், அங்கிருந்து திருப்போரூர் வழியாகப் போகும் பஸ்ஸில் கேளம்பாக்கம் போனான். அப்பாவிடம் நேரில் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. கூட்டம் குறைந்து பாதி சீட் காலியாகக் கிடந்தது. திருப்போரூர் தாண்டும்போதுதான் தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருப்பது அவனுக்கு உறைத்தது. சட்டென்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். யாரோ கவனித்திருப்பார்கள் என்று சுற்றிப் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை.

குடியிருப்பின் கேட் அருகே ஏசுபாதம் நின்றிருந்தார். பக்கத்தில் நீல பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் அவருடைய டிபன் பாக்ஸ் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

"இன்னாடா இங்க?"

"வேல கெடைக்கல நைனா."

"ஓ." அவர் ஒரு காருக்குக் கேட்டைத் திறந்து, சலாம் வைத்து, மூடினார். "சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். இந்த சேரு உனுக்குத்தான குடுத்துக்கீறாங்க?"

"ஆமா. அசோசியேஷன்ல வாங்கிக் குடுத்தாங்க. போன தீபாவளிக்கு."

"உக்கார்றதில்லயா?"

ஏசுபாதம் நாற்காலியைப் பார்த்தார். அதைப் பற்றி இதுவரை யாரும் அவரிடம் பேசியதில்லை போலிருந்தது.

"எவனாச்சும் கார்ல வந்துகினே இருப்பான். உக்காந்து உக்காந்து ஏந்திரிக்கறதுக்கு நின்னுடலாம்."

"கால் நோவல?"

"பண்ணையில நின்னதுல பாதிகூட இல்லடா இது. அங்க அவுங்க வூட்டு வாசல்ல கூலிக்கு நின்னா, உள்ள சாப்புட்டு, தூங்கி எழுந்து வருவாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். "நீயி கைக்கொழந்தையா எங்கூட வருவ. உன்னியும் கீழ வுட மாட்டேன்."

இன்னொரு கார் வந்தது. ஜெரோம் டிபன் பாக்ஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"உக்காரு நைனா. நானு தொறக்கறேன்."

"தே, வேணாண்டா. பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க."

ஜெரோம் கேட்டைத் திறந்தான். கார் போனது. காருக்குள்ளிருந்தவர் யாரையும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அப்பா நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஒன்றாம் தேதி ஜெரோம் உறையைப் பிரித்தான். சட்டை தோளில் கொஞ்சம் தொளதொளவென்றிருந்தது. ஞானதாஸ் இன்னொரு நாற்காலி தருவதாகச் சொன்னார், தரவில்லை. முதல் வாரம் அப்பாவும் மகனும் ஒரே நாற்காலியின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

அடுத்த ஞாயிறு அவனுக்கு மதியத்துக்கு மேல்தான் டூட்டி. பூசை முடிந்ததும் கோயிலிலிருந்து யூனிஃபார்மோடேயே வெளியே வந்தான். பாலா எதிர்க்கடையிலிருந்து கூப்பிட்டான், கையாட்டினான். ஜெரோமுக்குக் காது கேட்கவில்லை. பங்கு மண்டபத்தின் ஜன்னலைத் தாண்டி, கதவுப் பக்கம் போனான். மூன்றாவது பேட்ச் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவனும் நின்றான். நீலச் சட்டையைப் பார்த்து, கோயிலுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு பேர் அவனுக்கு வழி விட்டார்கள். அவன் போகவில்லை.

அவன் முறை வந்தது. கதவைத் தட்டினான்.

உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தது ஜாய்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பிள்ளைகளை ஆபீசராக உட்கார வைப்பது ஸ்ரீதேவியின் புதிய ஏற்பாடு. ஸ்ரீதேவி மூலையில் யாருக்கோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ஜாய்ஸ் அண்ணனைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். அவளிடம் சொல்ல நிறைய இருந்தது. அது அவள் வாயின் ஓரத்தில் தெரிந்தது. அதை விழுங்கினாள்.

"குட் மார்னிங்," என்றான் ஜெரோம்.

"குட் மார்னிங். உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தான். முதுகு பட்டது. மரம் சில்லென்றிருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியின் கைகள்மேல் வைத்தான். யாராவது எடுக்கச் சொல்வார்கள் என்று காத்திருந்தான்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க," என்ற ஜாய்ஸ், காகிதத்தைப் புரட்டினாள்.

ஜெரோம் எழுந்து நின்றிருந்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜாய்ஸ் சிரிக்கவில்லை.

"மறுபடி," என்றாள், மெதுவாக.

ஜெரோம் வெளியே வந்து வரிசையின் கடைசியில் நின்றான். முன்னால் நின்ற பெண் திரும்பினாள். பிளஸ் டூ முடித்து இந்த வாரம்தான் வந்திருப்பாள் போல.

"அண்ணா, உள்ள இன்னா கேக்கறாங்க?"

"ஒண்ணும் கேக்கல. உக்காரச் சொல்றாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்," என்ற ஜெரோம், தொளதொளத்த சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையோடு ஓர் அடி நகர்ந்தான்.